முக்கோணச் சாவி யார் கையில்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தச் சொற்பொழிவுக்கு அழைப்பு வந்தபோது, லிஃப்டைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். போனின் அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒருங்கிணைப்பாளர் மரியாதை குறையாமல் கேட்டார்: "அதுல ஒரு மணி நேரம் பேச என்ன சார் இருக்கு?" "ஒரு சாவி இருக்கு" என்றேன். அந்தச் சாவியிலிருந்தே தொடங்குகிறேன்.

1. ஆணியில் தொங்கிய சாவி

லிஃப்டின் ஒவ்வொரு தளக் கதவிலும் மேல் ஓரத்தில் ஒரு சிறு துளை இருக்கும். கூர்ந்து பார்த்தால் உள்ளே முக்கோண வடிவில் ஒரு குமிழ் தெரியும். அதில் பொருந்தும்படி நுனியில் முக்கோணக் குழி கொண்ட ஓர் இரும்புத் துண்டுதான் நான் சொல்லும் சாவி. சாதாரணமாக, கூண்டு அந்தத் தளத்தில் வந்து நின்றால்தான் தளக் கதவு திறக்கும். பூட்டு அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. இந்தச் சாவிக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கூண்டு இருந்தாலும் திறக்கும், இல்லாவிட்டாலும் திறக்கும்.

நான் குடியிருப்பது சென்னைப் புறநகரில், ஐந்து மாடி, நாற்பது வீடு, இரண்டு லிஃப்ட். பணி ஓய்வு பெற்றவர், பொறியியல் கற்பித்தவர் என்ற இரண்டு குற்றங்களுக்காக என்னைச் சங்கச் செயலாளர் ஆக்கினார்கள். பொறுப்பேற்ற முதல் வாரமே இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பாட்டியும் பள்ளி விட்டு வந்த பேத்தியும். நான் படியேறிப் போவதற்குள் எங்கள் காவலாளி கதவைத் திறந்து, சிறுமியைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார். கூண்டின் அடிவிளிம்பு அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது. அதற்குக் கீழே, சிறுமியின் கால் ஆடிக்கொண்டிருந்த இடத்தில், கறுப்பாக ஒரு திறப்பு. ஒரு கை நழுவியிருந்தால் இரண்டு மாடி ஆழம்.

அன்று மாலை அவர் அறைக்குப் போனேன். முருகன் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் சாவி தொங்கியது.

"இதை உங்களுக்கு யார் குடுத்தாங்க?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் சார். அவருக்கு யார் குடுத்தாங்கன்னு தெரியாது."

"எப்படித் திறக்கணும்னு யாராவது சொல்லிக்குடுத்தாங்களா?"

"இதுல சொல்லிக்குடுக்க என்ன சார் இருக்கு? திருகினா தொறந்துக்கும்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆபத்தே அதுதான்.

அடுத்த கூட்டத்தில் ஒரே கேள்விதான் கேட்டேன்: நம் லிஃப்டைச் சோதித்துப் பார்ப்பது யார் பொறுப்பு? "ஏ.எம்.சி. கட்டுறோமே, அந்தக் கம்பெனிதான்" என்றார் பொருளாளர், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை நினைத்து. "பில்டர் லைசென்ஸ் வாங்கித்தான் ஒப்படைச்சார், அரசாங்கத்திலேர்ந்து வந்து பார்ப்பாங்க" என்றார் முன்னாள் செயலாளர். "ஈ.பி.-காரங்க இல்லையா?" என்றார் ஓர் அம்மாள். மறுநாள் பராமரிப்புக் கம்பெனிக்குப் போன் செய்தேன். "நாங்க சர்வீஸ் மட்டும்தான் சார், இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் ஓனர் பொறுப்பு" என்றார்கள். ஓனர் யார் என்று கேட்கலாம் என்றால், நாற்பது வீட்டுக்காரர்களும் ஓனர்கள். நானும் ஒருவன்.

2. வடமும் எதிர் எடையும்

பொறுப்பைப் பேசுமுன் எந்திரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

கூண்டுக்குள் ஒரு தகடு இருக்கும்: '8 நபர்கள், 544 கிலோ'. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 68 கிலோ. இந்தியத் தரநிலை மனிதனை நிறுத்து வைத்திருக்கும் கணக்கு அது. மின்தூக்கி என்று நாம் அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் முழுப் பாரத்தையும் மின்சாரம் தூக்குவதில்லை. கம்பிவடத்தின் ஒரு முனையில் கூண்டு, மறுமுனையில் எதிர் எடை. காலிக் கூண்டின் எடையோடு முழுப் பாரத்தில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்து எதிர் எடையை அமைப்பார்கள். மோட்டார் மிச்ச வித்தியாசத்தை மட்டும் இழுக்கிறது. நம் ஊர் ஏற்றத்தில் மரத்தின் மேல் ஆள் நடந்து பாரத்தைச் சமன் செய்தாரே, அதே தத்துவம்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். லிஃப்ட் என்றாலே அறுந்து கீழே விழுவதற்குத்தான் பயப்படுகிறோம். ஆனால் ஒரே ஒருவர் நிற்கும் கூண்டைவிட எதிர் எடை கனமானது. பிரேக் பிடிக்காவிட்டால் அந்தக் கூண்டு மேலே போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி வருகிறேன்.

விழாமல் தடுக்கும் மருந்தை 1854ஆம் ஆண்டிலேயே எலிஷா ஓடிஸ் நியூயார்க் கண்காட்சியில் காட்டிவிட்டார். உயரத் தூக்கிய மேடையில் தாமே ஏறி நின்று, கயிற்றைக் கோடரியால் வெட்டச் சொன்னார். மேடை சிறிது இறங்கி, தண்டவாளத்தைக் கவ்வி நின்றுவிட்டது. 1857இல் அதே ஊரில் ஒரு கடைக் கட்டடத்தில் அவருடைய பயணிகள் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. இன்று நம் லிஃப்டுகளில் 'கவர்னர்' என்ற வேகக் காவலனும், கூண்டின் அடியில் 'சேஃப்டி கியர்' என்ற கவ்வியும் அந்த வேலையைச் செய்கின்றன. வேகம் வரம்பை மீறினால் கவர்னர் தன் கயிற்றைப் பிடித்து நிறுத்தும். அந்த இழுப்பில் கவ்வி தண்டவாளத்தைக் கடிக்கும்.

ஓடிஸ் செய்ததை எல்லோரும் விளம்பரம் என்கிறார்கள். எனக்கு அது ஆய்வாகவும் தெரிகிறது. பொருளைச் செய்தவரும், சோதித்தவரும், உயிரை வைத்து மேலே நின்றவரும் அன்று ஒரே ஆள்.

என் தாத்தா மாடு கட்டிக் கமலையில் கிணற்று நீர் இறைத்தவர். மாடு சரிவில் இறங்கும்போது வடத்தின் மேலேயே உட்கார்ந்து இறங்குவார். விடியுமுன் மாட்டைப் பூட்டுகையில் வடத்தை முழம் முழமாகக் கைக்குள் ஓட்டிப் பார்ப்பார். எங்காவது புரி விட்டிருந்தால் அன்று இறைப்பு கிடையாது. அவருக்கு எந்த உரிமமும் இல்லை, எந்த ஆய்வாளரும் வரவில்லை. தேவையும் இருக்கவில்லை. வடம் அவருடையது, பார்க்கும் கை அவருடையது, அறுந்தால் உருளுகிறவரும் அவரே.

நம் லிஃப்டில் இந்த மூன்றும் மூன்று இடத்தில் இருக்கின்றன. ஏறுகிறவருக்கு வடம் தெரியாது. வடத்தைப் பார்க்கிறவர் அந்தக் கட்டடத்தில் வசிப்பதில்லை. சொந்தக்காரர் யாரென்றே தெரியாது. ஆய்வு பற்றிய சட்டங்கள் எல்லாம் இந்தப் பிரிந்த மூன்றையும் மறுபடி ஒரு முடிச்சில் கட்டுவதற்கான முயற்சிகள் என்றுதான் நான் பார்க்கிறேன்.

3. சட்டம் யாரைக் காட்டுகிறது?

இந்தியாவில் லிஃப்டுக்கென்று நாடு முழுதுக்குமான ஒரே சட்டம் இல்லை. அது மாநிலங்களின் கையில் இருக்கிறது. பம்பாய் மாகாணம் 1939இலேயே தனிச் சட்டம் செய்தது. மேற்கு வங்கம் 1955இல், தமிழ்நாடு 1997இல். உத்தரப் பிரதேசத்தில் 2024இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நொய்டா பகுதியில் அடுத்தடுத்து நடந்த லிஃப்ட் விபத்துகளில் உயிர்கள் போன பிறகு. வானளாவிய கட்டடங்கள் முதலில் வந்தன, சட்டம் படியேறிப் பின்னால் வந்தது.

தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது மின் ஆய்வுத் துறை. அந்த அம்மாள் சொன்ன 'ஈ.பி.' வேறு, இது வேறு. மின் வாரியம் மின்சாரம் தருகிறது, கட்டணம் வாங்குகிறது. மின் ஆய்வுத் துறை அரசின் எரிசக்தித் துறையின் கீழ் தனியாக இயங்குகிறது. லிஃப்ட் வைக்குமுன் அனுமதி பெற வேண்டும்; வைத்து முடித்தபின் ஆய்வுக்கு உட்பட்டு இயக்குவதற்கான உரிமம். உரிமத்துக்குக் கெடு உண்டு. கெடு முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். இதற்கெல்லாம் விண்ணப்பிக்க வேண்டியவர் யார்? உரிமையாளர். விபத்து நடந்தால் தெரிவிக்க வேண்டியவர்? அவரேதான்.

ஆகவே சட்டப்படி பதிலில் குழப்பமே இல்லை. ஆய்வாளர் வந்து பார்ப்பது அரசின் கடமை; ஆய்வுக்கு உரிய நிலையில் லிஃப்டை வைத்திருப்பதும், ஆய்வாளரை வரவழைப்பதும் உரிமையாளரின் கடமை. குழப்பம், 'உரிமையாளர்' என்ற சொல் அடுக்குமாடிக்குள் நுழைந்ததும் தொடங்குகிறது. கட்டி விற்றவர் போய்விடுகிறார். பத்திரத்தில் ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத பங்கு. லிஃப்ட் பொதுச் சொத்து. நான் எங்கள் உரிமத்தைத் தேடினேன். பழைய கோப்பில் கிடைத்தது. கட்டுநர் பெயரிலேயே இருந்தது. கெடு முடிந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. நான்கு ஆண்டும் நாற்பது குடும்பம் அதில் ஏறி இறங்கியிருக்கிறது, என் மனைவி உட்பட.

4. பன்னிரண்டு கட்டங்கள்

மெஷின் ரூமில் சர்வீஸ் அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. ஆண்டுக்குப் பன்னிரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் டிக்குகள், ஒரு சுருக்கொப்பம். பன்னிரண்டும் ஒரே பேனா, ஒரே மை. நான் விரலை வைத்து நின்ற இடம் 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வந்த மாதம். லிஃப்டின் அடிக்குழியில், பிட் என்பார்களே, அதில் இடுப்பளவு தண்ணீர் நின்று, லிஃப்ட் பல நாள் ஓடவில்லை. அந்த மாதக் கட்டத்தில் எழுதியிருந்தது: 'பிட் சுத்தம் — சரி.'

அடுத்த முறை மெக்கானிக் வந்தபோது நானும் கூடவே இருந்தேன். இருபத்தைந்து வயதுப் பையன், வியர்வையில் நனைந்த சட்டை. "ஒரு நாளைக்கு ஏழெட்டு லிஃப்ட் சார், நடுவுல பிரேக்டவுன் கால் வேற" என்றான். கோபப்பட முடியவில்லை. "இன்னிக்கு நம்ம லிஃப்டுக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் குடு தம்பி" என்று கேட்டுக்கொண்டேன். டீ வாங்கி வரச் சொன்னேன். இருவரும் குழிக்குள் இறங்கினோம்.

கவர்னர் கயிறு விறைப்பாக நிற்க வேண்டும் என்பதற்காகக் குழியில் ஓர் எடைக் கப்பி தொங்கும். எங்கள் கப்பி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கயிறு காலப்போக்கில் நீண்டு, தொய்ந்து, எடை தரையில் உட்கார்ந்துவிட்டது. விறைப்பில்லாத கயிற்றால் கவ்வியை நம்பகமாக இழுக்க முடியாது. அப்படித் தொய்ந்தால் லிஃப்டை நிறுத்துவதற்கென்றே பக்கத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் முறுக்கி இணைத்திருந்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு சுவிட்ச் கெட்டு லிஃப்ட் அடிக்கடி நின்றிருக்கிறது. யாரோ அதை 'ஷார்ட்' செய்து ஓட விட்டிருக்கிறார்கள். புகார் நின்றது. எங்கள் சங்கத்தின் பதிவேட்டில் அந்த நாளுக்கு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'லிஃப்ட் சரிசெய்யப்பட்டது. நன்றி.'

சர்வீஸ் என்பது லிஃப்ட் ஓடுவதற்காக. ஆய்வு என்பது நிற்க வேண்டிய நேரத்தில் அது நிற்குமா என்று பார்ப்பதற்காக. ஓட வைப்பவரிடமே நிறுத்தும் சோதனையையும் விட்டுவிட்டால், ஓட்டம்தான் ஜெயிக்கும். அந்த ஒயர் துண்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

5. டோக்கியோவில் ஒரு பன்னிரண்டாம் தளம்

மேலே போகும் கூண்டை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். 2006 ஜூன் 3, டோக்கியோவின் மினாட்டோ வார்டு. பொதுக் குடியிருப்பு ஒன்றில், 16 வயது மாணவன் சைக்கிளோடு பன்னிரண்டாம் தளத்தில் லிஃப்டை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தான். கதவு திறந்தபடியே கூண்டு மேலே எழுந்தது. அவன் இடையில் சிக்கி இறந்தான். பிரேக்கின் உராய்வுப் பட்டை தேய்ந்து போயிருந்தது விசாரணையில் தெரிந்தது.

தொழில்நுட்பத்தை விடுங்கள், என்னை உறங்கவிடாதது நிர்வாகம். அந்த லிஃப்டை முதலில் தயாரித்த நிறுவனத்தின் தரப்பே பராமரித்தது. பிறகு டெண்டர் விட்டார்கள். 2005இல் வேறொரு நிறுவனம், 2006 ஏப்ரலில் மூன்றாவது நிறுவனம். விபத்து ஜூனில். லிஃப்ட் ஒன்றே, கைகள் மாறிக்கொண்டே இருந்தன. லிஃப்டைப் பற்றிய விவரம் கைக்குக் கை ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. குற்றவழக்கு பல ஆண்டு நடந்தது. 2015இல் பராமரிப்பு நிறுவனத்தைச் சேர்ந்த மூவரைக் கீழ் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2018இல் உயர் நீதிமன்றம் அவர்களையும் விடுவித்தது. ஒரு பையன் இறந்தான், பிரேக் தேய்ந்திருந்தது, தண்டனைக்குரிய கை என்று ஒன்றும் கடைசிவரை அகப்படவில்லை.

சட்டம் மட்டும் மாறியது. கதவு திறந்திருக்கையில் கூண்டு நகர்ந்தால் தடுத்து நிறுத்தும் தனிக் காப்பு 2009 முதல் ஜப்பானில் புது லிஃப்டுகளுக்குக் கட்டாயமாயிற்று.

ஏ.எம்.சி.யை ஆண்டுதோறும் குறைந்த விலைக்கு மாற்றும் சங்கங்கள் நம்மிடையே உண்டு. எங்கள் சங்கமும் ஆறு ஆண்டில் மூன்று கம்பெனி மாற்றியிருக்கிறது. விலையைப் பேரம் பேசினோம். பழைய கம்பெனியிடம் லிஃப்டின் ஜாதகத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை.

6. யாருடைய கண்?

மற்ற இடங்களில் இந்த முடிச்சை எப்படிப் போட்டிருக்கிறார்கள்?

நம் நாட்டிலேயே ஒரு வழி இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தொழிற்சாலை லிஃப்டைத் தகுதி பெற்ற ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும், அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்று எழுதியது. மூட்டை ஏறும் லிஃப்டுக்கு அந்த அக்கறை அப்போதே வந்துவிட்டது. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு விதிகளும் பணியிடங்களில் ஆள் ஏறும் லிஃப்டுக்கு ஆறு மாதம் என்கின்றன. பரிசோதிப்பவர், அன்றாடப் பராமரிப்பு செய்கிறவரின் செல்வாக்குக்கு உட்படாதவராக இருக்க வேண்டும் என்று அங்கே வலியுறுத்துகிறார்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்தக் கூடாது. ஆசிரியனாக எனக்கு அது உடனே புரிகிறது.

எனக்கு மிகப் பிடித்தது ஹாங்காங்கின் வழி. 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சட்டம் 'பொறுப்பாளர்' என்று ஒருவரை வரையறுக்கிறது. உரிமையாளரும் ஆகலாம், லிஃப்டின் நிர்வாகத்தைக் கையில் வைத்திருப்பவரும் ஆகலாம். 'நான் சொந்தக்காரன் இல்லை' என்று மேலாளர் நழுவ முடியாது. 'நான் நிர்வகிக்கவில்லை' என்று சொந்தக்காரர் நழுவ முடியாது. மாதம் ஒருமுறையாவது பராமரிப்பு, ஆண்டுக்கு ஒருமுறை பதிவுபெற்ற பொறியாளரின் சோதனை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பாரம் ஏற்றிச் சோதனை. பதிவுப் புத்தகம் பொறுப்பாளரின் கையில். கம்பெனி மாறினாலும் புத்தகம் லிஃப்டோடு இருக்கும்.

இவ்வளவும் செய்தால் போதுமா? 2025 செப்டம்பர் 3 அன்று லிஸ்பனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே மலைச்சரிவில் கம்பிவடத்தால் ஓடிய ஒரு வண்டி. அவ்வூரார் அதையும் லிஃப்ட் என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள். வடம் பிடிப்பிலிருந்து விட்டுப்போய் 16 பேர் இறந்தார்கள். அன்று காலையில்தான் கண்ணால் பார்த்துச் சோதித்திருந்தார்கள். குறை ஒன்றும் தெரியவில்லை. வடம் விட்டுப்போன இடத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் பார்க்க முடியும். பார்த்தவர் பொய் சொல்லவில்லை. பார்க்கச் சொன்ன இடங்களில் அது இல்லவே இல்லை. ஆகவே யார் பார்ப்பது என்ற கேள்வியோடு, எதைப் பிரித்துப் பார்ப்பது என்ற கேள்வியும் ஒட்டியே வருகிறது.

என் வேண்டுகோள்கள் மூன்று. ஒன்று, கூண்டுக்குள், கண்ணாடிக்குப் பக்கத்தில், உரிமத்தின் கெடு தேதியும் பொறுப்பாளரின் பெயரும் கைபேசி எண்ணும் தமிழில், பாட்டி படிக்கும் எழுத்தளவில் இருக்க வேண்டும். சங்கம் என்று எழுதக் கூடாது; ஓர் ஆளின் பெயர். இரண்டு, மாதாமாதம் எண்ணெய் விடுபவர் ஆண்டுச் சோதனையில் கையெழுத்திடக் கூடாது. மூன்று, லிஃப்டின் பதிவுப் புத்தகம் கட்டடத்துக்குச் சொந்தம், கம்பெனிக்கு அல்ல.

எங்கள் கட்டடத்தில் இவற்றைச் செய்தோம். உரிமத்தைச் சங்கத்தின் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தோம். பொறுப்பாளர் யார் என்று கூட்டத்தில் கேட்டபோது ஐந்து நிமிடம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் என் பெயரை எழுதினேன். அன்று முதல் லிஃப்டில் ஏறும்போதெல்லாம் அதன் சத்தத்தைக் கவனிக்கிறேன். பெயர் செய்யும் வேலை அது.

7. சாவியின் இடம்

சாவி இப்போது ஆணியில் இல்லை. பூட்டிய சிறு பெட்டிக்குள் இருக்கிறது. பக்கத்தில் ஒரு நோட்டு. காவலாளிகள் இருவருக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுக்க வைத்தோம்: முதலில் மெயினை அணை, கூண்டு எங்கே நிற்கிறது என்று பார், தளத்துக்கு மட்டமாக இல்லாவிட்டால் கதவைத் தொடாதே, உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இரு, மெக்கானிக் வரட்டும். பயிற்சி பெற்றவர் பெயர் மட்டும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில்.

போன மாதம் ஒரு மாலை, லிஃப்டில் ஏறும்போது என் வீட்டுச் சாவிக்கொத்து கை நழுவி, கூண்டுக்கும் தளத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாகக் குழிக்குள் விழுந்துவிட்டது. வாசலில் மழை. மனைவி ஊரில் இல்லை. நேராகக் காவலாளியிடம் போய்ப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். எடுத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் நோட்டை எடுத்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தார்.

"உங்க பேரு இதுல இல்லையே சார்" என்றார்.

மெக்கானிக் வரும்வரை ஒன்றரை மணி நேரம் அவர் அறையில், அந்த முருகன் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். சமீபத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான் என்று நினைக்கிறேன்.

கீழே இறங்கும்போது லிஃப்டில் உரிமத்தின் தேதியைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.